கீழ்வீட்டுக்கு வராத நடுக்கம்

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் நான் தனியாக இருக்கிறேன். ஒருநாள் காலை மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால், நான்கு மாடிக்காரர்களும் செருப்புகூடப் போடாமல் வாசலில் நிற்கிறார்கள். நிலநடுக்கமாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உயரே போகப் போகத்தான் ஆட்டம் தெரியும்.

"சார், உங்க வீட்ல ஃபேன் ஆடிச்சா?" என்று மூன்றாம் மாடிப் பெண் கேட்டாள். வாசலில் எதிரே வந்தால் போனைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறவள். இரண்டு வருடத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது.

"ஆமாம்மா, நல்லாவே ஆடிச்சு" என்றேன்.

உடனே எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நம்ம ஊருக்குக்கூட இதெல்லாம் வருமா சார்?" "புயல் மாதிரி முன்னாடியே சொல்ல மாட்டாங்களா?"

புயல் கடலில் உருவாகி நகர்ந்து வருவது, அதனால் நாள் குறித்துச் சொல்லலாம். இதை யாராலும் சொல்ல முடியாது என்றேன். அந்தமான் பக்கம் கடலுக்கடியில் எங்காவது ஆடியிருக்கும், நமக்கு வந்தது அதன் மிச்சம் என்றேன். யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள். காபிகூட வந்தது.

அரை மணி நேரத்தில் பயம் தெளிந்து எல்லோரும் மேலே போய்விட்டார்கள், நாற்காலியையும் எடுத்துக்கொண்டு.

நான் உள்ளே வந்து ஃபேனை நிறுத்தினேன். சுற்றி ஓய்ந்ததும், அதன் அடியில் நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம்கூட ஆடவில்லை.