சிவப்பு லீவரும் என் வீட்டு நல்லவரும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது பொம்மை வண்டி இல்லை. மராத்தி பேசும் சிஞ்ச்வட் ஊரில், சொசைட்டி என்று இங்கே சொல்கிற எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் அந்த நாலு சக்கர பேட்டரி வண்டி வந்து இறங்கிய அன்று எத்தனை பேர் "ஸோ க்யூட்" என்றார்கள் தெரியுமா? நடக்க முடியாதவள் உட்கார்ந்து போகிற வண்டியில் என்ன அழகைக் கண்டார்களோ. முடக்குவாதம் என் முழங்காலையும் கணுக்காலையும் தின்ன ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறது. வீட்டுக்குள் கைத்தடி போதும். வாசலைத் தாண்டினால் இந்த வண்டி, இல்லாவிட்டால் என் கணவரின் தோள். தோளுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு வெளியே போய் எனக்கு அலுத்துவிட்டது. கால் கிலோ பச்சை மிளகாய் வாங்க இன்னொருத்தர் சட்டை மாட்டிக்கொள்ளும்வரை காத்திருப்பது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். பாட்டிலைத் திறக்கும்முன் லேபிளை வாய்விட்டுப் படிக்காத பிள்ளையை வெளியே நிறுத்தியிருக்கிறேன். ஆகவே வண்டியோடு வந்த புத்தகத்தை மூன்று முறை படித்தேன். ஏறும்முன் டயரை அமுக்கிப் பார்க்க வேண்டும். சாவி போட்டதும் பேட்டரி விளக்கு எத்தனை எரிகிறது என்று பார்க்க வேண்டும். வெளியே போய் வந்த அன்றே சார்ஜ் போட வேண்டும், பேட்டரியைப் பட்டினி போட்டால் செத்துவிடும். எல்லாவற்றிலும் முக்கியம், பின்னால் மோட்டாரை ஒட்டித் தாழ்வாக இருக்கிற சிவப்பு லீவர். அது மேலே இருந்தால் வண்டி பிடித்து நிற்கும். கைப்பிடியிலிருந்து விரலை எடுத்தாலே நின்றுவிடும், தனியாக பிரேக் கிடையாது. லீவரைக் கீழே தள்ளினால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு உருளும், பிடிக்க ஒன்றும் இல்லை. பழுதான வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்குத்தான் அந்த வசதி. லீவர் மேலே இருக்கிறதா என்று பார்க்காமல் உட்காரவே கூடாது என்று கறுப்புக் கட்டம் போட்டு எழுதியிருந்தது.

இப்போது எங்கள் பார்க்கிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடம் கொஞ்சம், வண்டி நிறைய. ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்துவார்கள். முன்னால் நிற்கிற வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டுப் போக வேண்டும், பின்னால் இருப்பவர் அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்வார். இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். ஹேண்டில் லாக் போடுகிறவர்கள் சொசைட்டிக்கே விரோதி. என் வண்டி நின்றது லிஃப்டுக்கு எதிரே, சார்ஜ் போடும் பிளக்குக்குப் பக்கத்தில். அதற்குப் பின்னால் கீழ்வீட்டுக்காரரின் வெள்ளைக் கார். அவர் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்.

வண்டி வந்த முதல் வாரமே அவர் படியேறி வந்தார். "காகூ, எல்லாரையும் போல நீங்களும் நியூட்ரலில் விடுங்களேன்" என்று ஹிந்தியில் கேட்டார். காகூ என்றால் இங்கே சித்தி. முடியாது என்றேன். சொசைட்டி கூட்டத்தில் மறுபடி கேட்டார். நான் எழுந்து நின்று, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, அங்கே தரை சரிவு, தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துக் கட்டியிருக்கிறார்கள், இது ஸ்கூட்டர் இல்லை, இதை நியூட்ரலில் விட்டால் நான்தான் உருண்டு போவேன் என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். என் கணவர் மட்டும் தலையைக் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேனை எழுப்பி இருவராகத் தூக்கி நகர்த்துவதாகக் கீழ்வீட்டுக்காரர் இன்னும் நாலைந்து நாள் முனகினார். பிறகு முனகல் நின்றது. வழிக்கு வந்தான் பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் மகா சந்தோஷம்.

அதன் பிறகு ஏழு மாதம் ராணி மாதிரி இருந்தேன். காலை எட்டு மணிக்குக் கீழே இறங்குவேன். காய்கறிக் கடை, மருந்துக் கடை, பூங்கா வாசல், எங்கும் தனியாகத்தான். மாலையில் சார்ஜ் போடுவதை மட்டும் கணவர் ஏற்றுக்கொண்டார். "நீ எதுக்கு அத்தனை தூரம் குனியோணும், நான் பாத்துக்கறேன்" என்றார். ஆரம்பத்தில் தினமும் மூச்சைப் பிடித்துக் குனிந்து லீவரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். அது தினமும் மேலேயே இருந்தது. தினமும் சரியாக இருக்கிற ஒன்றுக்காக எரிகிற முழங்காலை மடக்க யாருக்குப் பிடிக்கும்? நாலாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பார்ப்பதை விட்டுவிட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு பிள்ளை அப்படிச் செய்திருந்தால் ஒரு வாரம் வெளியே நிறுத்தியிருப்பேன்.

விடுமுறைக்கு வந்த மகன் ஊர் திரும்பிய நாள் அது. விடியற்காலையில் அவனை லோஹேகாவ் விமான நிலையத்தில் விடக் கணவர் போயிருந்தார். வழக்கம்போல் எட்டு மணிக்கு நான் கீழே போய் வண்டியில் உட்கார்ந்தேன். சாவியைப் பையில் துழாவிக்கொண்டிருக்கும்போதே தூண் பின்னால் போக ஆரம்பித்தது. தூணா போகும்? நான்தான் போய்க்கொண்டிருந்தேன். கைப்பிடியை விட்டேன், நிற்கவில்லை. இறுக்கினேன், நிற்கவில்லை. வாசல் சரிவில் இறங்கி, பள்ளி வேனுக்குக் காத்திருந்த இரண்டு குழந்தைகளுக்கு ஒரு முழம் தள்ளிப் போய், வாட்ச்மேன் அறைச் சுவரில் மோதினேன். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

லீவர் கீழே இருந்தது. யார் தள்ளியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. மாவுக்கட்டோடு வந்து இறங்கிய சாயங்காலமே கீழ்வீட்டு மணியை அடித்தேன். அவர் மனைவி, அம்மா, எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் பார்க்க, எனக்குத் தெரிந்த ஹிந்தி, மராத்தி இரண்டும் தீர்ந்துபோய்த் தமிழிலும் திட்டினேன். கொலைகாரன் என்றேன். அவர் வாயைத் திறந்தார். என் பின்னால் நின்ற என் கணவரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். குற்றவாளி முழிக்கிற முழியைப் பார் என்று அதற்கும் திட்டினேன்.

இரவு மகன் போன் செய்தான். "அம்மா இனிமே தனியாப் போக வேண்டாம்பா. வண்டியை யாருக்காவது குடுத்துடுங்க" என்றான். கணவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரி, அப்படியே செஞ்சிடலாம்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டிலில் கிடந்தபடி அதைக் கேட்டபோது மணிக்கட்டைவிட அதுதான் வலித்தது. எவனோ செய்த தப்புக்கு நான் ஏன் வீட்டுக்குள் கிடக்க வேண்டும்? வண்டிமேலும் தப்பில்லை, என்மேலும் தப்பில்லை என்று நிரூபித்துக் காட்டுகிறேன், அப்புறம் யார் அதைத் தொடுகிறார்கள் பார்க்கலாம் என்றேன். பார்க்கிங்கில் கேமரா இருக்கிறது.

"எதுக்குப் புள்ள, விட்டுடலாமே. ஒரே கட்டடத்துல இருக்கறோம்" என்றார் கணவர்.

"நீங்க விடுங்க. நான் விடமாட்டேன்."

மறுநாள் சொசைட்டி அலுவலகத்தில் செயலாளர் கணினியைத் திறந்தார். நான், கணவர், கீழ்வீட்டுக்காரர் மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். விபத்துக்கு முந்தின மாலை, ஏழரை மணி. திரையில் குல்லாய் போட்ட ஒருவர் வந்தார். என் வண்டியில் சார்ஜரைச் செருகினார். பிறகு, பார்க்கக்கூட இல்லை, பின்னால் கையை விட்டு லீவரைக் கீழே தள்ளிவிட்டு லிஃப்டுக்குப் போனார். அந்தக் குல்லாய் நான் வாங்கிக் கொடுத்தது.

காலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் சார்ஜரைக் கழற்றிவிட்டு வண்டியை உருட்டினார், காரை எடுத்தார், வண்டியைத் திரும்ப இடத்தில் வைத்தார், போனார். ஆள் பாரம் இல்லாத வண்டி அந்தச் சரிவில் அசையாமல்தான் நின்றது. அதன் பிறகு எட்டு மணிக்கு நான் வரும்வரை யாரும் வரவில்லை. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழ்வீட்டுக்காரர்தான் மெதுவாகப் பேசினார். "காகூ, லீவரைத் தொட வேண்டாம், ஏழு மணிக்குத் தானே வந்து மேலே தூக்கிவிடுவதாக அங்கிள் சொல்லியிருந்தார். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். இத்தனை நாளில் அவர் தவறியதே இல்லை."

ஏழு மாதம் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். நான் தனியாகப் போய்வந்தேன் என்று நினைத்த ஒவ்வொரு நாளும், இந்த மனுஷர் காலையில் ஞாபகமாக ஒரு லீவரைத் தூக்கியதால் போயிருக்கிறேன். தோளிலிருந்து நான் இறங்கவே இல்லை.

கீழ்வீட்டுக்காரரிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் கேட்டேன். லிஃப்டுக்குள் போனதும் கணவர் பக்கம் திரும்பினேன்.

"நான் அந்த மனுஷனைக் கொலைகாரன்னு சொல்றப்ப உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவருகிட்டன்னா நீ திட்டிட்டு வந்துடுவே. என்னைன்னா விடமாட்டே."

"எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

"நாம பொழைக்க வந்தவங்க புள்ள. நாலு பேரை அனுசரிச்சுத்தான் போகோணும்."

"வந்து முப்பத்தஞ்சு வருசமாச்சு. என் முதுகுக்குப் பின்னாலயா அனுசரிப்பீங்க?"

அவர் லிஃப்டு பொத்தான்களைப் பார்த்தபடி சொன்னார். "ஏழு மாசத்துல மறந்தது ஒரே ஒரு நாளு."

"அன்னைக்கு அதுல உக்காந்தது நானு."

வண்டியைக் கொடுத்துவிடுகிற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. மகனிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவும் இல்லை. செயலாளரை நச்சரித்து, சுவர் ஓரமாக, பின்னால் யாரும் நிறுத்தாத சமதரையில் இடம் வாங்கினேன். கை சரியானதும் முதல் வேலையாகக் கீழே இறங்கினேன். கணவரும் பின்னாலேயே வந்தார். பழக்க தோஷம், லீவர் பக்கம் கையை நீட்டினார்.

"கையை எடுங்க" என்றேன்.

எடுத்துவிட்டார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இருக்கையைப் பிடித்துக்கொண்டு நான் குனிந்தேன். குனிந்து பார்த்து நிமிர எனக்கு இப்போதெல்லாம் முழுசாக ஒரு நிமிடம் ஆகிறது, பல்லைக் கடித்தாலும் முனகல் வெளியே வந்துவிடுகிறது. தினமும் அவர் பக்கத்தில் கையைத் தொங்கவிட்டபடி நின்று அதைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.