பதினொன்றாம் வண்டி சொன்ன இடம்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கோபம் வராது. வரும்தான், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன். அன்றிரவு அந்த அறையில் இருந்தது நான். என் இரண்டு காதாலும் கேட்டது நான்.

எனக்குப் போலீஸ் கண்ட்ரோல் ரூமில் வயர்லெஸ் வேலை. மணிக்கொரு முறை ரோந்து வண்டிகளை நம்பர் சொல்லி வரிசையாகக் கூப்பிட வேண்டும். அவரவர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். சொல்வதில் பாதி புளுகு. மரத்தடியில் வண்டியைப் போட்டுத் தூங்குகிறவர் கொட்டாவி விட்டுக்கொண்டே "மெயின் ரோட்டுல ரோந்து" என்பார். நானும் சரி என்று குறித்துக்கொள்வேன்.

பதினொன்றாம் வண்டி மட்டும் பொய் சொல்லாது. அதில் இருந்தவன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த எஸ்.ஐ. நாங்கள் எல்லோரும் அவனைப் 'புதுசு' என்றுதான் கூப்பிடுவோம். "டீ குடிச்சிட்டு இருக்கேன் அக்கா" என்று பட்டென்று சொல்வான். அடேய், மைக்கில் பேசினால் எல்லா வண்டியிலும் கேட்கும், கொஞ்சம் வாயை அடக்கு என்று எவ்வளவோ திட்டியிருக்கிறேன். திருந்தவே இல்லை.

அந்த வாய்தான் அவனுக்கு எமனாகிவிட்டது. கல் குவாரியிலிருந்து திருட்டு லாரிகள் ராத்திரியில் போகும். ஒவ்வொரு லாரிக்கும் இன்ஸ்பெக்டருக்குப் பங்கு உண்டு. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். புதுசுக்கும் தெரிந்தது. அவன் மட்டும்தான் தட்டிக் கேட்டான். ஒரு நாள் இன்ஸ்பெக்டர் அவனுடைய டிரைவரை லீவில் அனுப்பினார். அன்றிரவு தனியாக வண்டி ஓட்டிப் போனவன் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, குவாரி ரோட்டுல ரெண்டு லாரியை மடக்கிட்டேன். இன்ஸ்பெக்டர் வந்துட்டு இருக்கார்." குரல் கணீரென்று இருந்தது. அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. காலையில் குவாரித் தண்ணீருக்குள்ளிருந்து வண்டியையும் அவனையும் தூக்கினார்கள்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்றார் இன்ஸ்பெக்டர். அவன் அம்மா கண்ட்ரோல் ரூமுக்கே வந்துவிட்டார். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசியா உங்ககிட்டதானம்மா பேசினான்? எப்படிப் பேசினான்?" தெளிவாகத்தான் பேசினான் என்றேன். "அதை மட்டும் சொல்லிடுங்கம்மா. என் பிள்ளையைக் குடிகாரன்னு எழுதிடாம பாத்துக்குங்க."

மூன்றாம் நாள் ராத்திரி, மணி 1:40. இன்ஸ்பெக்டர் தனியாக வந்தார். என் மேஜையில் ஒரு காகிதத்தைப் போட்டார். அன்றைக்குப் புதுசு குழறிக் குழறிப் பேசினான் என்று நான் வாக்குமூலம் கொடுத்ததாக எழுதியிருந்தது. விடிந்தால் விசாரணை அதிகாரி வருகிறார். அதற்குள் கையெழுத்து வேண்டுமாம். முடியாது என்றேன். அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். என் பையன் எந்தக் கல்லூரி, எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று நிதானமாகச் சொன்னார்.

பயந்துதான் போனேன். அதே நேரம், கிடைத்ததை எடுத்து இந்த ஆள் மண்டையில் போடலாமா என்றும் இருந்தது.

மணி 2:00. வண்டிகளைக் கூப்பிட வேண்டும், முடித்துவிட்டுப் பேசலாம் என்றேன். கொஞ்ச நேரமாவது கிடைக்குமே என்றுதான். மைக் பட்டனை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று... எல்லோரும் பதில் சொன்னார்கள். பத்து வந்தது. பத்து ஆண்டுகளாக ஒரே வரிசையில் புரண்ட நாக்கு. நிற்கவில்லை.

"பதினொன்று, லொகேஷன்?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் முறைத்தார். அந்த வண்டி நசுங்கி, வயர்லெஸ் செட்டெல்லாம் ஊறிப்போய், ஷெட்டில் கிடக்கிறது.

செட்டில் 'கர்ர்ர்...' என்று இரைச்சல். அப்புறம் 'க்ளக்... க்ளக்...' என்று ஒரு சத்தம். குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அது.

"பதினொன்று. குவாரித் தண்ணிக்குள்ள இருக்கேன் அக்கா."

அதே குரல். அதே பட்டென்ற பேச்சு.

எவனோ விளையாடுகிறான், அவன் தோலை உரிக்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். சொன்னாரே தவிர, எழுந்திருக்கவில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கை ஆடியது.

அந்தக் கையைப் பார்த்தேன். எனக்குள் பயம் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டது. அந்த அம்மாவின் முகம் வந்தது. மறுபடி பட்டனை அழுத்தினேன். இந்த முறை நாக்குத் தவறவில்லை. வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன்.

மணி 2:07. "பதினொன்று, லொகேஷன்?"

"குவாரி ரோடு."

இன்ஸ்பெக்டர் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடாதே என்றார். நான் கூப்பிட்டேன்.

2:11.

"பாலம்."

குவாரி ரோட்டிலிருந்து பாலத்துக்கு வண்டியில் வந்தாலே அரை மணி நேரம் ஆகும்.

2:13.

"நம்ம கேட்டு."

வெளியே நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றன...

"வேணாம்மா... கூப்பிடாதம்மா..." இன்ஸ்பெக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

என் பையன் ஏறும் பஸ்ஸைச் சொன்ன வாய் அது. நான் பட்டனை அழுத்தினேன்.

2:14.

"படிக்கட்டு."

சளக்...

சளக்...

சளக்...

ஷூவுக்குள் தண்ணீர் நிறைந்த கால். மெதுவாக ஏறியது. வராந்தாவில் நடந்தது. கதவருகே நின்றது.

கதவு திறக்கவில்லை. ஆனால் அறைக்குள் சேற்று வாடை.

2:16.

மறுபடி பட்டனை அழுத்தினேன். "பதினொன்று... எங்கப்பா இருக்கே?"

"இன்ஸ்பெக்டர் சாருக்குப் பின்னாடி நிக்கிறேன் அக்கா."

அங்கே யாரும் இல்லை. சத்தியமாக யாரும் இல்லை.

ஆனால் அவர் தோளில் சட்டைத் துணி அமுங்கியது. யாரோ கை வைத்தது போல...

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாய்ந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். வாழ்நாள் முழுக்க வயர்லெஸ்ஸில் பேசிய மனுஷன். செட்டில் பேசுகிறவனுக்குச் செட்டில்தானே பதில் சொல்வார்? பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டேய்... ஒரே ஒரு அடிதான்டா அடிச்சேன். நீ மயங்கிட்டே. லாரியை விட்டுத் தொலைன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? உயிரோடதான்டா வண்டியில உக்கார வெச்சேன். தள்ளும்போது கண்ணை முழிச்சுட்டே... அதுக்கு நான் என்னடா பண்ணுவேன்?"

மைக் கீழே விழுந்தது. எழுந்து ஓடினார். படிக்கட்டில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மணி 2:19.

கீழே கிடந்த மைக்கை எடுத்து மேஜையில் வைத்தேன். பிறகு நான்காம் வண்டியில் இருந்த ஏட்டு மெல்லக் கூப்பிட்டார்.

"கண்ட்ரோல்... எல்லா வண்டியிலும் கேட்டுச்சும்மா."

விடிந்ததும் பத்து வண்டிக்காரர்களும் விசாரணை அதிகாரியிடம் கேட்டதைக் கேட்டபடி சொன்னார்கள். மற்றச் சமயத்தில் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் எதிராகப் பேசுகிற ஆட்கள். அன்று ஒரு சொல் பிசகவில்லை. புதுசு குடித்திருந்தான் என்ற பேச்சு அன்றோடு ஒழிந்தது. ஆனால் அவனுடைய குரலை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லையாம். நான் வெற்று செட்டைப் பார்த்து இடம் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் கேட்டதாம்.

இன்ஸ்பெக்டரின் வண்டி குவாரிக் கரையில் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியபடி, உள்ளே பூட்டியபடி. அவர் டிரைவர் சீட்டில் இல்லை. பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. வண்டியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அவர் துணியிலும் கிடையாது. நெஞ்சைக் கீறிப் பார்த்த டாக்டர் நீரில் மூழ்கிய சாவு என்று எழுதினார். நுரையீரல் நிறையக் குவாரித் தண்ணீர் இருந்ததாம்.

எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. வந்ததாகப் பொய் சொல்லவும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து எங்கள் கேட் காவலர் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். அந்த ராத்திரிதான் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து முதல் டியூட்டி பார்த்தவர். இங்கே யார் முகமும் தெரியாது. என்ன என்று கேட்டேன்.

"இன்ஸ்பெக்டர் வண்டியை அன்னிக்கு ஒரு சின்ன வயசு எஸ்.ஐ. ஓட்டிட்டுப் போனாருங்க. உடம்பெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்து அழுதுட்டு இருந்தாரு. கேட்டுல நிறுத்தி, 'சாரைக் குவாரியில விட்டுட்டு நான் வீட்டுக்குப் போறேன், மேல அக்காகிட்ட சொல்லிடுங்க'ன்னாரு. நான்தான் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."