லென்ஸைப் பார்த்துத்தான் கேமரா வாங்கினேன்

திருச்சியில் அந்தக் கடைக்காரர் இரண்டு டிஜிட்டல் கேமராக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் வேறு வேறு கம்பெனி. எதில் எத்தனை மெகாபிக்சல், எது நல்ல வீடியோ எடுக்கும், எதற்குத் திரை திரும்பும் என்று ஒப்பிக்க ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "அதெல்லாம் இருக்கட்டுங்க. இந்த ரெண்டுக்கும் என்னென்ன லென்ஸ் வச்சிருக்கீங்க? அத எடுங்க" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு, கூட வந்திருந்த என் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தான்.

அண்ணன் விராலிமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று அவன் படம் எடுத்து வருவான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் போடுவது நான். மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் முளைத்து நிற்கும் விளக்குக் கம்பத்தை அழிப்பது, கண் மூடியவர்களுக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்து ஒட்டுவது, இதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. நானும் படம் எடுக்கப் போகிறேன் என்றதும் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான். "ஒரே ஒரு கல்யாணம் எங்கூட வந்து எடு. ஒன் படம் ஆல்பத்துக்குத் தேறுச்சுன்னா தனியா ஆர்டர் புடிச்சுக்க. தேறலன்னா கேமராவ வித்துட்டுப் பேசாம கம்ப்யூட்டர்ல ஒக்காரு." அடுத்தவர் எடுத்த படத்துக்குப் பவுடர் பூசியே காலத்தை ஓட்டிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சரி என்றேன்.

எங்கள் பக்கத்துப் போட்டோகிராபர்கள் எல்லோரும் அந்த இரண்டில் முதல் கம்பெனி கேமராதான் வைத்திருந்தார்கள். காரணம் ஓசி. ஒரு கம்பெனி கேமராவில் இன்னொரு கம்பெனி லென்ஸ் உட்காராது. எல்லோரும் ஒரே கம்பெனி என்றால் இலுப்பூர்க்காரரின் பெரிய ஜூமை இவர் வாங்கிக்கொள்ளலாம், இவருடைய அகல லென்ஸை அவர் வாங்கிக்கொள்ளலாம். "நீயும் அதையே எடு, லென்ஸுன்னு தனியா எதுவும் வாங்கவே வேணாம்" என்றான் அண்ணன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முகூர்த்த நாள் எல்லோருக்கும் ஒன்றுதானே? லென்ஸ் சும்மா கிடக்கும் நாளில் நமக்கு வேலை இருக்காது. நமக்கு வேலை இருக்கும் நாளில் லென்ஸ் சும்மா கிடக்காது. ஐப்பசி, தை வந்தால் ஆளாளுக்கு போனில் கத்துவதை நான் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தால் எந்த லென்ஸ், எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு திறந்து எடுத்தது என்று ஓரத்தில் காட்டிவிடும். வருஷக்கணக்காக அந்த ஓரத்தைப் படித்தவள் நான். பெரிய ஜூமில் எட்டத்திலிருந்து எடுத்தவை ஆல்பத்தில் அபூர்வமாகத்தான் ஏறின. மனசைத் தொட்டதெல்லாம் ஆளுக்குப் பக்கத்தில் போய் எடுத்தவை. கெட்டுப்போனதெல்லாம் வெளிச்சம் இல்லாத இடத்தில், கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் அந்த லென்ஸில் எடுத்தவை. அது எவ்வளவு திறந்தாலும் வெளிச்சத்தைக் கஞ்சத்தனமாகத்தான் உள்ளே விடும். எனக்கு வேண்டியது ஜூம் இல்லாத, அகலமாகத் திறக்கிற லென்ஸ் இரண்டு. முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஒன்று, எண்பத்தைந்து ஒன்று.

கடையில் இரண்டு கம்பெனியிலும் மாட்டிப் பார்த்தேன். முதல் கம்பெனியின் முப்பத்தைந்து பழைய மாடல். ஃபோகஸ் தேடும்போது மிக்சி மாதிரி இரைந்தது. முழுசாகத் திறந்தால் முகம் மங்கிப்போனது. இரண்டாம் கம்பெனியுடையது வாயே திறக்கவில்லை. கடைக்காரரின் இமைமயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மாப்பிள்ளையை மட்டும் பார்த்தா பெண் கொடுக்கிறோம்? வீட்டு ஆட்களையும் பார்த்துத்தானே? அந்த இரண்டாம் கம்பெனியிலேயே யாரோ கைமாற்றிவிட்ட பழைய கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தையெல்லாம் லென்ஸில் போட்டேன். விராலிமலை வந்து சேரும்வரை அண்ணன் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அவன் சொன்ன அந்த ஒரே கல்யாணம் ஆவூர்ப் பக்கம், ஒரு கிராமத்து மாதா கோவிலில் வந்தது. கிறிஸ்தவக் கல்யாணம், முகூர்த்தம் கிடையாது, இலுப்பூர்க்காரரின் ஜூம் நிச்சயம் கிடைக்கும் என்று அண்ணன் நிம்மதியாக இருந்தான். காலையில் இலுப்பூருக்கு போன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "இன்னைக்குப் பெரிய முகூர்த்தம்ணே! நானே மண்டபத்துல நிக்கிறேன்" என்றார் அவர். மாதா கோவில் கல்யாணத்துக்கு நாள்காட்டியை யார் பார்ப்பது? அண்ணன் கேமராவோடு வந்த அந்தப் பழைய லென்ஸையும் பெரிய ஃபிளாஷையும் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

அன்று ஐப்பசி மழை. கோவிலுக்குள் சாயங்காலம் மாதிரி இருந்தது. பூசை தொடங்கும் முன் ஃபாதர் மைக்கில் சொன்னார்: "போட்டோகிராபர் ரெண்டு பேரும் கவனிங்க. பூசை முடியுற வரைக்கும் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. பீடத்துப் படியில யாரும் ஏறக் கூடாது." அண்ணன் முகம் செத்துப்போயிற்று. படி ஏற முடியாததால் அவன் ஆண்கள் பக்கத்துத் தூணோரம் ஒதுங்கினான். அங்கிருந்து தெரிந்தது மாப்பிள்ளையின் முதுகுதான். நான் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில், பெண்ணின் சித்திமார்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சித்தி என் லென்ஸைப் பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் லென்ஸின் நீளத்தை வைத்துத்தான் மரியாதை. "இம்புட்டுத்தாங்க" என்றேன்.

தாலி கட்டும் நேரம் வந்தது. எண்பத்தைந்தை முழுசாகத் திறந்து வைத்தேன். மாப்பிள்ளை தாலிக் கயிற்றைப் பெண்ணின் கழுத்தில் சுற்றினார். முடிச்சு ஒருமுறை நழுவியது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பையன் மாதிரி, மறுபடி முயன்றார். தலை குனிந்திருந்த பெண் அதை ஓரக்கண்ணால் பார்த்து, சிரிப்பை அடக்க மாட்டாமல் உதட்டை மடித்தாள். அந்த உதடு மடிந்த நொடியில் அழுத்தினேன். ஜன்னல் பக்கத்திலிருந்து வந்த கொஞ்சநஞ்ச வெளிச்சம் முழுவதும் அவள் கன்னத்தில் இருந்தது. சின்னத் திரையில் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மாதாவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நான் மலைமேல் முருகனைக் கும்பிடுகிறவள்.

மறுநாள் ஸ்டுடியோவில் இருவர் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். அண்ணன் என் பின்னால் நின்றான். பூசை நேரத்தில் அவன் எடுத்ததில் ஆட்கள் எல்லோரும் கலங்கித் தெரிந்தார்கள். என்னுடையதில் மாப்பிள்ளையின் நெற்றி வியர்வை தனித்தனியாக நின்றது. அவன் மவுஸை வாங்கி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு குனிந்து, பெண் உதட்டை மடித்த படத்தைத் தொட்டு, "இத மொதப் பக்கத்துல முழுசா போடு. ஒண்ணையும் அழிக்காத, ஒட்டாத" என்றான். இத்தனை வருஷத்தில் நான் கை வைக்காமல் ஆல்பத்துக்குப் போன முதல் படம் அது, அதுவும் நான் எடுத்தது.

அப்போது அவன் போன் அடித்தது. கீரனூரிலிருந்து ஒரு கல்யாணக்காரர். அண்ணன் தேதியைக் கேட்டுக்கொண்டான். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சத்தமாகவே சொன்னான்: "எந்தங்கச்சி வந்து எடுக்குங்க. ஆமாங்க, அதுதான் மெயின். நானா? வருவேங்க, வராம என்ன? மண்டபத்துல லைட் புடிக்க ஆள் வேணும்ல."

சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கவும் இல்லை.