புளோயருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, கழிவுநீர்த் தொட்டியை நெருங்கும்போதே அமுதவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அதற்குக் காற்று ஊதும் புளோயர் மெஷின் மாலையும் குங்குமமுமாகச் சும்மா நின்றது. நேற்று அதற்குப் பொட்டு வைத்தவளும் அவள்தான், சுவிட்சை அணைத்தவளும் அவள்தான். பூசை போட்ட மெஷினை அன்று ஓட்டுவதில்லை என்பது அந்தப் பக்கத்து மில்களின் வழக்கம். கை வழக்கத்தின் பேச்சைக் கேட்டது. படித்த படிப்பு வாயே திறக்கவில்லை.

படிப்பென்றால் நாமக்கல்லில் நுண்ணுயிரியல் பட்டம். வெள்ளைக் கோட்டுக்கு ஆசைப்பட்டவள், லாரி ஓட்டும் குமரனுக்கு வாழ்க்கைப்பட்டு, ஜவ்வரிசி ஆலையின் கழிவுத் தொட்டிக்குக் காவலாக வந்து சேர்ந்தாள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைக் கழுவிய தண்ணீரைத் தெளியவைக்கும் பாக்டீரியாக்களை, காற்று ஊதி வளர்ப்பது வேலை. ‘கிருமி மேய்க்கிறவ’ என்று கேலி பேசுவார்கள். “எஞ் சாமிங்க” என்று அவளும் சிரிப்பாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. வாசலில் கிழங்கு லோடு நிற்கிறது. தொட்டியில் உயிர் இல்லையென்றால் கழிவு நீர் அப்படியே ஓடைக்குப் போகும். ஓடையோரக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அவள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தப் பாக்டீரியாக்களில் பலவற்றுக்குள் காற்றை வேவு பார்க்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் நடுவே இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு முடிச்சு. ஆக்சிஜன் பட்டால் முடிச்சு சிதைந்து, புரதம் சும்மா இருக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் முடிச்சு கூடும். புரதம் மரபணுக்களைப் பிடித்துக்கொண்டு, ஆக்சிஜன் இல்லாமல் வேறு வழியில் மூச்சு விடச் சொல்லி ஏவும். நேற்று ஏவியிருக்குமா? நேரத்தோடு ஏவியிருக்குமா?

புளோயரைப் போட்டாள். தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் காட்டும் மீட்டரில் எண் விறுவிறுவென்று ஏறியது.

“ஏறுதே அம்மணி! பொழச்சுக்கிச்சு!” என்றார் பின்னால் வந்து நின்ற ஆலை முதலாளி ராசப்பன்.

“இல்லீங்க. மூச்சு உட ஆளில்லாட்டியும் இப்படித்தானுங்க ஏறும். ஒருக்கா நிறுத்திப் பாக்கோணுங்க.”

“மறுக்காவுமா? நேத்து நிறுத்துனது பத்தாதா?”

சுருக்கென்று தைத்தது. அதே சுவிட்சை மறுபடி அணைத்தாள். உயிர் இருந்தால், இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சி எண்ணை இறக்க வேண்டும்.

எண் அசையவில்லை. ராசப்பன் தொண்டையைச் செருமினார். அப்போதும் அசையவில்லை. தன் கையால் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள்.

பிறகு கடைசி இலக்கம் ஒன்று குறைந்தது. இன்னொன்று. அப்புறம் நிற்காமல் இறங்கியது. காற்று திரும்பியதை உணர்ந்து, பாக்டீரியாக்கள் பழைய மூச்சுக்கு வந்துவிட்டன.

“காத்தை இழுக்குதுங்க! எஞ் சாமிங்க இழுக்குதுங்க!” ஓடிப்போய் புளோயரைப் போட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள், மறைக்கவும் இல்லை.

ராசப்பன் மெஷின் மேலிருந்த வாடிய மாலையைப் பார்த்தார். “அடுத்த பூசைக்கு என்ன பண்றது அம்மணி?”

“இது ஓடட்டுமுங்க” என்றாள். “ஓடறப்பவே பொட்டு வெச்சுக்கறனுங்க.”