நோ பால் ராஜாவின் ஆடுகளம்

கட்டைவிரல் மண்ணை அழுத்திப் பார்க்கிறது. பதியவில்லை. ஓரத்தில் ஓரிடம் மட்டும் லேசாக விட்டுக்கொடுக்கிறது. அங்கே ஏரிக் களிமண்ணை ஒரு பிடி வைத்து, திமிசுக்கட்டையால் தட்டி இறுக்குகிறது கை. பிறகு உள்ளங்கை பிட்ச்சின் முழு நீளத்துக்கும் தடவிக்கொண்டே போகிறது, குதிரையின் முதுகைத் தடவுவதுபோல.

சின்ன வயதில் இந்தக் கைகள் குதிரையைத் தவிர எதையும் தொட்டதில்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூட வேறொருவர் தூக்கிக் கொடுக்க வேண்டும். தளிப் பக்கம் சூளதுர்க்கம் பாளையத்தின் கடைசி வாரிசு, திம்மப்ப ராஜா. பாளையம் போய் எத்தனையோ தலைமுறை ஆகிறது. அரண்மனையில் மிச்சமிருப்பது ஒரு வாசல், மூன்று பங்காளிகள், ஒரு வழக்கு. ராஜா மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் மைதானத்தைப் பராமரிக்கிறார். விசிட்டிங் கார்டு வைத்திருக்கிறார். அதில் 'முன்னாள் ரஞ்சி வீரர்' என்று இருக்கும். 'ராஜா' அதைவிடப் பெரிய எழுத்தில்.

அவர் ரஞ்சிக்குப் போனது இப்படி. மாந்தோப்பு நடுவே அப்பா ஒரு பிட்ச் போட்டுக் கொடுத்தார். பந்து போட, தோப்பில் வேலை செய்த கங்கப்பன். கங்கப்பன் கையிலிருந்து பந்து சீறிக்கொண்டு வரும். முதல் நாளே சின்ன ராஜாவின் ஸ்டம்பு எகிறியது. அப்பா காரியஸ்தரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து ஸ்டம்பு விழும்போதெல்லாம் காரியஸ்தர் கையை நீட்டி நோ பால் என்பார். கங்கப்பனே போய் ஸ்டம்பை நட்டுவிட்டு வருவார். வருஷக்கணக்கில் ராஜா அவுட்டே ஆகவில்லை. கிரிக்கெட்டில் வேறு யாருக்கும் இந்தப் பெருமை கிடையாது.

தேர்வுக் குழுவுக்குத் தோப்பில் விருந்து நடந்தது. அவர்கள் கறியைக் கடித்துக்கொண்டே ராஜாவின் சதத்தைப் பார்த்தார்கள். மாநில அணியில் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்தின் இரண்டாவது பந்தில் நடு ஸ்டம்பு பறந்தது. ராஜா நகரவில்லை, அம்பயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்பயரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் விக்கெட் கீப்பர்தான் பெவிலியன் இருக்கும் பக்கத்தைக் காட்டினார். அடுத்த இரண்டு ஆட்டங்களில் வழி அவருக்கே தெரிந்திருந்தது. நான்காவது ஆட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

தன்னை அவுட்டாக்கியது பந்து அல்ல, பிட்ச்தான் என்று நிரூபிப்பதற்காகவே அவர் மண் வேலை கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். கற்றதென்னவோ ஒழுங்காகத்தான் கற்றார்.

இன்று கம்பெனியின் இறுதியாட்டம். ஆபீசர்கள் அணிக்குக் கேப்டன், பிளான்ட் மேனேஜர் விஜயகுமார். ஒப்பந்தத் தொழிலாளர் அணியில் வேகப்பந்து போடுபவர் சந்தோஷ், அதே கங்கப்பனின் மகன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு நிரந்தர வேலை இருக்கிறது. இன்று யார் ஆட்டம் எடுபடுகிறதோ அவருக்குத்தான் அது. சந்தோஷின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

முந்தாநாள் எச்.ஆர். அதிகாரி தமிழரசன் மைதானத்துக்கு வந்தார். புல்லைச் சுத்தமாக மழித்து, தண்ணீர் விட்டு ஓதம் ஏற்றி, பந்து மெதுவாக வரும்படி செய்துவிட வேண்டும் என்பது மேனேஜர் விருப்பம் என்றார். ராஜா சரியென்றார். மேலிடத்துக்குச் சரியென்பது அவருக்கு ரத்தத்தில் வந்தது. சூளதுர்க்கத்தார் சுல்தானுக்கும் சரியென்றவர்கள், கும்பினிக்கும் சரியென்றவர்கள்.

தமிழரசன் அத்தோடு போயிருக்கலாம்.

"போன வருஷம் மேனேஜர் எண்பது அடிச்சாருல்ல, அதுலருந்து லைன்ல எல்லாரும் அவரத்தான் ராஜான்னு கூப்பிடறாங்க சார்" என்றார்.

ராஜாவின் கை அப்படியே நின்றது.

அன்று சாயங்காலம் கங்கப்பன் வந்து பிட்ச்சைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. தளியில் பீன்ஸ் விலை, வாத்தியார் மாற்றல், பஸ் வராதது என்று பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னார்: "எம்பையனுக்கு எல்லாம் கத்துக் குடுத்துட்டேன் தொரே. விழுந்த ஸ்டம்ப எடுத்து நடறது ஒண்ணு மட்டும் கத்துக் குடுக்கல."

அந்த வார்த்தையில் ராஜா மனம் மாறினார் என்று எழுத ஆசைதான். அவரை அறிந்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு மைதானத்தில் இரண்டு ராஜா இருக்கக் கூடாது என்பதுதான் காரணம் என்பார்கள். எதுவானாலும், புல் நின்றது. ரோலர் போய்ப் போய் வந்தது. மண் கல்லாயிற்று.

காலைப் பனி விலகும்போது மேனேஜர் புதுப் பேடு கட்டிக்கொண்டு வந்து பிட்ச்சை ஷூவால் ஒரு தேய் தேய்த்தார்.

"என்ன திம்மப்பா, புல்லு தெரியுது?"

"அழகுக்கு விட்டிருக்கேன் சார்."

"பந்து எழும்பாதில்ல?"

"எங்க தோப்பு பிட்ச் மாதிரியேதான் சார். அதுல நான் ஒருநாளும் அவுட்டானதில்ல."

மேனேஜர் சிரித்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தூரத்தில் சந்தோஷ், பந்து போடத் தான் ஓடி வரும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ராஜா இரண்டு பக்கமும் ஸ்டம்புகளை நட்டார். நடு ஸ்டம்பை மட்டும் இன்னொரு முறை தட்டினார். பிறகு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த, இங்கே ஒருவரையும் தெரியாத அம்பயரிடம் பிட்ச்சை ஒப்படைத்தார்.