பஞ்சு பிடுங்குகிறவள்

அந்தப் பெரிய என்ஜினியரிங் கம்பெனியின் மூன்றாவது மாடியில், திட்டப் பிரிவில், பயிற்சிக்குச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர். இருவரும் அக்கா தங்கை. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. அவர்களுடைய அம்மாக்கள்தான் கூடப் பிறந்தவர்கள். கீழ் வீட்டில் பெரியவள், மாடி வீட்டில் சின்னவள். வயதில் சில மாதங்கள்தான் வித்தியாசம். அந்தச் சில மாதங்களால் பெரியவள் இதுவரை ஒரு லாபமும் கண்டதில்லை. விட்டுக்கொடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அவள் அக்கா. மற்ற எல்லாவற்றிலும் சின்னவள்தான் முந்தி.

நடக்க ஆரம்பித்ததுகூட சின்னவள்தான் முதலில். இதை மாடி வீட்டுச் சித்தி சொன்னாலும் பரவாயில்லை. பெரியவளின் அம்மாவே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாள். பெற்ற மகள் பின்தங்கிய கதையை இப்படிச் சிரிக்கச் சிரிக்க ஒருத்தி சொல்லுவாளா? இவள் சொல்லுவாள். "சின்னவளைப் பாரு, எவ்வளவு இளகின மனசு. உனக்கு ஏன்டி எப்பவும் முகம் இப்படி இருக்கு?" என்று கேட்பாள். முகம் வேறு எப்படி இருக்கும்?

கம்பெனி ஒன்றுதான் பெரியவள் தனியாகப் போய்ப் பிடித்தது. தானே விசாரித்து, தானே பரீட்சை எழுதி உள்ளே போனாள். ஆறு மாதம் ராணி மாதிரி இருந்தாள். ஒருநாள் அம்மா, "சும்மாதானே போயிட்டு வர்ற? மேல இருக்கிறவளுக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கிட்டு வா" என்றாள். வாங்கிக்கொண்டு வந்தாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதை நினைத்து இன்றைக்கும் பல்லைக் கடிப்பாள்.

வேலை என்னவென்றால், கம்பெனி பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் செய்து மற்ற தொழிற்சாலைகளுக்கு அனுப்பும். தகடு வெட்ட இத்தனை நாள், வெல்டிங்குக்கு இத்தனை நாள், பெயிண்டுக்கு இத்தனை நாள் என்று பட்டறைக்காரர்களைக் கேட்டு, கணினியில் வரிசையாகக் கோத்து, கிரேனும் லாரியும் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று குறிப்பது திட்டப் பிரிவின் பாடு. இதில் ஒரு சிக்கல். பட்டறையில் ஒருத்தரும் உண்மையான நாளைச் சொல்ல மாட்டார்கள். நாலு நாள் வேலைக்கு ஏழு நாள் கேட்பார்கள். அப்படிக் கூட்டிச் சொல்வதற்குக் கம்பெனியில் 'பஞ்சு' என்று பெயர். விழுந்தால் அடிபடாமல் இருக்க வைக்கிற பஞ்சு. யார் எவ்வளவு பஞ்சு வைக்கிறார் என்று கண்டுபிடித்துப் பிடுங்குவதில் பெரியவள் கெட்டிக்காரி. வெல்டிங் மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லப்போகும் நாளில் பாதியைக் கழித்துவிடுவாள். "பஞ்சு வருது, ஓடுங்கடா" என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். அவளுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

பிரிவுத் தலைவருக்குப் பெயர் 'எப்போ சார்'. எதைச் சொன்னாலும் "எப்போ?" என்றுதான் கேட்பார். வந்த புதிதில் அவர் பெரியவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். சின்னவள் வந்தாள், எல்லாம் போயிற்று.

சின்னவள் பிடுங்கவே இல்லை. பட்டறைக்குப் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். "உண்மையான நாளைச் சொல்லுங்கண்ணே. நான் அதுல ஒரு நாள்கூட வெட்ட மாட்டேன்" என்பாள். முதலில் சிரித்தார்கள். சொன்னபடி அவள் வெட்டவில்லை என்று தெரிந்ததும் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் போட்ட திட்டங்கள் தேதி பிசகாமல் நடந்தன. பிடுங்கிப் பிடுங்கிப் பெரியவள் பெறுகிற நாளை இவள் ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வந்தாள். பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. உண்மை பேசுவதெல்லாம் ஒரு திறமையா?

எரிவதற்கு வலுவான காரணமும் இருந்தது. பயிற்சி முடிந்ததும் பிரிவில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. ஒருத்திக்கு நிரந்தர வேலை. இன்னொருத்திக்கு ஒரு சான்றிதழ், ஒரு கைகுலுக்கல், வீட்டில் அம்மாவின் முகம்.

அந்த நேரம் பார்த்து சின்னவள் ஒரு வாரம் பரீட்சைக்குப் போனாள். "தங்கச்சியோட பிளானையும் நீயே பார்த்துக்கோம்மா" என்று எப்போ சார் சொல்லிவிட்டார். பெரியவள் தங்கையின் மேசையில் உட்கார்ந்து, தங்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தாள். ஒரு பெரிய தொட்டி. பெயிண்டுக்கு எட்டு நாள் என்று இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த பெயிண்ட் சூப்பர்வைசரை அவளுக்குத் தெரியாதா? பட்டறையிலேயே பஞ்சு மூட்டை அவர்தான். எட்டு என்றால் ஐந்து. இந்த அப்பாவி நம்பி ஏமாந்திருக்கிறாள்!

எட்டை ஐந்தாக்கினாள். கிரேனும் லாரியும் தாமாகவே மூன்று நாள் முன்னால் நகர்ந்தன. யாரிடமும் மூச்சுவிடவில்லை. லாரி கிளம்பினதும் கூட்டத்தில் எழுந்து, 'தங்கை கோட்டைவிட்ட மூன்று நாளை நான் பிடித்தேன்' என்று சொல்ல வேண்டும். நாற்காலி தன் பக்கம் சாய்கிற சத்தம் காதில் கேட்கிற மாதிரியே இருந்தது அவளுக்கு.

ஆனால் அந்த எட்டு நாள் சின்னவளிடம் சொன்ன எட்டு நாள். அதில் ஒரு இழைப் பஞ்சுகூட இல்லை. கிரேன் வந்து பட்டையைப் போட்டுத் தூக்கினபோது மூன்றாவது பூச்சு இன்னும் பிசுபிசு என்று இருந்தது. பட்டை பட்ட இடமெல்லாம் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. லாரி காலியாகத் திரும்பியது. தொட்டியை முழுக்கச் சுரண்டி முதலிலிருந்து பூச வேண்டும் என்று சூப்பர்வைசர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமைக் கூட்டம். சின்னவள் அன்று காலையில்தான் பரீட்சை முடித்து வந்திருந்தாள். சூப்பர்வைசர் வாசலிலேயே அவளை மடக்கி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டார். பெரியவள் வழக்கம்போல மேசை மூலையில் குறிப்பெழுதத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யார் பிளான் இது?" என்றார் எப்போ சார்.

"என் பிளான் சார்." சின்னவள் எழுந்து நின்றாள். "நாளை வெட்டினது தப்பு. என் தப்புதான்."

எப்போ சார் கத்தப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"லாரிக்காரன் தப்பு, மழை தப்பு, மெஷின் தப்புன்னு கேட்டுக் கேட்டு என் காதே புளிச்சுப்போச்சு. இந்த ரூம்ல ஒருத்தர் 'என் தப்பு'ன்னு சொல்லி நான் கேட்டது இன்னிக்குத்தான். பெயிண்டைத் திரும்பப் பூசிக்கலாம். காலியா இருக்கிற சீட்டுல இப்படி ஒரு ஆள்தான் உட்காரணும்."

பெரியவளின் பேனா நின்றது. தப்பு யாருடையது? அதைச் செய்தது யார்? இரவல் வாங்கின தப்பைக் காட்டி நாற்காலியைத் தட்டிக்கொண்டு போகிறாளே! இத்தனை நாளும் பெயரைத்தான் கொண்டுபோனாள். இன்றைக்குப் பழியையும் விட்டுவைக்கவில்லை. பெரியவள் விருட்டென்று எழுந்தாள்.

"சார், அதை வெட்டினது நான்தான்."

எப்போ சார் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை இளகியிருந்தது. "உக்காரும்மா."

"நிஜமாவே நான்தான் சார். எட்டை அஞ்சாக்கினது நான்."

"பார்த்துக்கோன்னுதானே உன்கிட்ட சொன்னேன்? அதுல தங்கச்சி பேர்தானே பதிவாகியிருக்கு? பரீட்சை அவசரத்துல அவ வெட்டியிருப்பா. தங்கச்சி மேல உனக்கு எவ்வளவு பாசம் இருக்குன்னு தெரியுது. உக்காரு."

சூப்பர்வைசர் மூக்கை உறிஞ்சினார். வெல்டிங் மேஸ்திரி, "அக்கான்னா இப்படி இருக்கணும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் பாசம்தான் ஊருக்குத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். அன்றைய குறிப்பில் தங்கையின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள்.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. சின்னவள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். பெரியவள் வாங்கவில்லை.

"எனக்காக நீ ஒண்ணும் பழியை ஏத்துக்க வேண்டாம்" என்றாள்.

"உனக்காகவா?" சின்னவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "சூப்பர்வைசர் சொன்னதுமே நீதான்னு தெரிஞ்சுடுச்சு அக்கா. உன்னைக் காட்டிக்கொடுத்தா அக்காவையே மாட்டிவிட்டான்னு எனக்குத்தான் கெட்ட பேரு. சாக்குச் சொல்றவங்களைப் பார்க்கும்போது சார் முகம் எப்படிப் போகும்னு நான் வாராவாரம் பார்க்கிறேன். நீ குனிஞ்சு எழுதிட்டே இருப்பே, உனக்குத் தெரியாது. ஒத்துக்கிட்டா மனுஷன் உருகிடுவார்னு தோணிச்சு. உருகிட்டார்."

இளகின மனசு! அம்மா வாய் வலிக்கச் சொன்ன இளகின மனசு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. பெரியவளுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. இந்த யோசனை தனக்கு வராமல் போயிற்றே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைதான் வந்தது. சரி, வீட்டுக்குப் போகட்டும். அம்மாவை உட்கார வைத்து அவள் செல்லத்தின் வண்டவாளத்தை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

கதவு திறந்தே இருந்தது. அம்மாவும் சித்தியும் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"சின்னவ மத்தியானமே போன் பண்ணிச் சொன்னா" என்றாள் அம்மா. "தங்கச்சிக்காக அத்தனை பேர் முன்னாடி எந்திரிச்சு நான்தான்னு சொன்னியாமே. வேலை போனாப் போகுதுடி. என் பொண்ணுடி நீ."

சித்தி அவள் தலையைத் தடவினாள். சின்னவள் பின்னால் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்த முகம் இவளைப் பார்த்து இப்படி மலர்ந்ததே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லம்மா" என்றாள்.

"வர்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் மாடிப்படி ஏறினாள். அம்மாவின் கை தோளில் இருக்கும்போதே, ஏறிப்போகிறவளைப் பார்த்துப் பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இதையும் அவள்தானே வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.