ஏழு சிவப்பு அட்டைகள்

போன வருடம், காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம். ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சிறிய பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. மறுநாள் பெற்றோர் கூட்டம். அதற்குள் ஐந்தாம் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் செய்த படங்கள் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். எனக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு காலை வேளை. சாதாரண நாளிலேயே நான் நின்ற இடத்தில் நிற்கமாட்டேன். அன்று கேட்கவே வேண்டாம்.

பிரான்சு நாட்டு ஓவியர் ஒருவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னேன். வயதான காலத்தில் உடம்பு முடியாமல், நின்று படம் தீட்ட இயலாமல் போனவர் அவர். வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரியால் வெட்டி இலையும் பறவையுமாக ஆக்கினார். வெட்டியதை உடனே ஒட்டிவிடமாட்டார். சுவரில் குண்டூசியால் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். இதையெல்லாம் சொன்ன அதே வாயால், "சீக்கிரம் ஒட்டுங்க, மணியாச்சு" என்று விரட்டவும் செய்தேன்.

வீட்டில் கிடக்கும் வண்ணத் தாள்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பிஸ்கட் உறை, கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர் என்று வந்தன. ஒரு பெண் மட்டும் கெட்டியான சிவப்பு அட்டைகள் ஏழு கொண்டுவந்தாள். ஒரு பக்கம் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. மறுபக்கம் பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எழுதிய பக்கத்தில் பசை தடவுங்கள் என்று சொல்லி, வகுப்பு முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்ததே நான்தான்.

பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா கம்பெனிச் சீருடையில் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"மேடம், பாப்பா செவப்பு அட்டை எடுத்தாந்துட்டாளுங்களா? டிபன் பையில வெச்சிருந்தேன்."

சுவரைக் காட்டினேன். மீன்கள், இலைகள், ஒரு சேவலின் கொண்டை. அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஒப்பந்தத் தொழிலாளி. உதிரிபாகங்களைச் சோதிப்பது வேலை. தேறாத பாகங்கள் உள்ள தொட்டியில், காரணமும் எண்ணும் எழுதி, கீழே தன் கையெழுத்தும் போட்ட சிவப்பு அட்டையைக் கட்ட வேண்டும். முந்தின நாள், பதிவேட்டில் ஏற்றுவதற்காக அவற்றை அவிழ்த்திருக்கிறார். அதற்குள் கம்பெனி பஸ் கிளம்பும் நேரமாகிவிட, நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

"அட்டை இல்லாத தொட்டிய நல்ல சரக்குன்னு லாரில ஏத்திடுவாங்க. அப்புறம் என்னைய கேட்டுக்குள்ளயே உடமாட்டாங்க மேடம்."

"சூப்பர்வைசருக்கு போன் பண்ணுங்களேன்."

"எந்தத் தொட்டின்னு சொல்றது? எண்ணு எல்லாம் அதுலதானே இருக்குது."

ஒன்றரைக்கு அவருக்கு பஸ். நான் ஈரத்துணியால் ஒரு மீனைத் தேய்த்து எடுக்கப் பார்த்தேன். மை கலங்கத் தொடங்கியது. அந்தப் பெண் தன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். வகுப்பிலேயே அழகான சேவல் அவளுடையது. சார்ட்டைப் பின்பக்கமாகக் கிழித்து, கொண்டையை மட்டும் முழுசாகப் பிரித்து அம்மாவிடம் நீட்டினாள். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் அவரவர் படத்தைக் கிழித்தார்கள். ஒரு பையன் மட்டும் தன் மீனை விடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். அந்த அம்மா அவனிடம் கன்னடத்தில் ஏதோ கெஞ்சினார். அவன் சிரித்துக் கொடுத்துவிட்டான். மீனுக்கு வலிக்காமல் கிழித்துக் கொடு என்றாராம்.

தரையில் துண்டுகளைப் பொருத்தினோம். நான் எண்களைப் படிக்கப் படிக்க அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஆறு அட்டைகள் தேறின. ஏழாவதில் எண்ணிருந்த மூலையே இல்லை. வெட்டி மிச்சமான துண்டுகளை நான்தான் பத்து மணிக்கே கொட்டச் சொன்னேன். குப்பை வண்டி போய்விட்டிருந்தது.

"நானும் வரேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன்" என்றேன்.

"நீங்க வந்தா இன்னும் பெருசாயிடுமுங்க. நானே சொல்லிக்கறேன்" என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

சாயங்காலம் வரை என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. யாரிடம் விசாரிப்பது என்றும் தெரியவில்லை. மறுநாள் காலை அந்தப் பெண் வரும்வரை பள்ளி வாசலிலேயே நின்றேன்.

"அம்மாக்கு செம திட்டு மிஸ். லாரிய நிறுத்தித் தேடி அந்த ஏழாவது தொட்டிய எறக்குனாங்களாம். ஆனா இன்னிக்கும் வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க."

பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டேன், வெட்கப்படவில்லை. பெற்றோர் கூட்டத்தில் கிழிந்த படங்களையே மாட்டினேன். தலைமையாசிரியை கேட்டபோது நடந்ததை அப்படியே சொன்னேன்.

அந்த ஓவியரின் பெயரைப் பிள்ளைகள் வாயில் நுழைய வைக்க அரைமணி நேரம் மெனக்கெட்டவள் நான். ஏழு அட்டையிலும் கீழே அந்த அம்மா போட்டிருந்த கையெழுத்தின் மேல் பசை தடவச் சொன்னவளும் நானே என்பது இன்றும் உறுத்துகிறது.